கஷ்டம் என்கிற சங்கீத வாத்தியார்

சங்கீத மேதை ஒருவருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மேதையிடம் எனக்கு விரோதம் கிடையாது. சினிமாவிடமும் கிடையாது, வாரத்துக்கு ஒன்றாவது பார்க்காவிட்டால் எனக்குப் பேனா ஓடுவதில்லை. என் பயமெல்லாம் அந்தப் படத்தில் கதாநாயகனுக்கு அடுத்தபடியாக வரப்போகும் பாத்திரத்தைப் பற்றியது. அந்தப் பாத்திரத்தின் பெயர் கஷ்டம்.

படம் எப்படி இருக்கும் என்பதை எடுப்பதற்கு முன்பே நான் உங்களுக்குச் சொல்லிவிடுவேன். நீங்களும் எனக்குச் சொல்லிவிடுவீர்கள். ஒழுகும் கூரை. இருமும் தகப்பனார். அடுப்பிலே உலை கொதிக்கிறது, பானையிலே அரிசி இல்லை. பையன் பெரிய வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பாட்டைக் கேட்கிறான். யாரோ விரட்டுகிறார்கள். பட்டணம் வருகிறான். ஸ்டூடியோ வாசலில் காவற்காரன் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறான். உடனே மழை பெய்கிறது. (கதாநாயகன் அவமானப்படும் நாளில் மழை பெய்யாமல் இருந்ததாகச் சினிமாச் சரித்திரத்திலேயே கிடையாது. ஏரிகள் வறண்டு போகிற வருஷங்களில் சர்க்கார் இதை யோசித்துப் பார்க்கலாம்.) பையன் நனைந்துகொண்டே அண்ணாந்து பார்க்கிறான். அந்த மழைச் சத்தத்திலிருந்து ஒரு ராகம் பிறக்கிறது. நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

மழையிலிருந்து ராகம் பிறப்பதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"படம்தானே, போகட்டும் என்று விடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்குச் சங்கீத வகுப்பு நின்றிராவிட்டால் விட்டேயிருப்பேன்.

நான் குடியிருப்பது அத்திப்பட்டில். பெயரைச் சொன்ன மாத்திரத்தில், "அட, அந்தக் காணாமல் போன ஊரா?" என்று கேட்காதவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. 2001-இல் வந்த 'சிட்டிசன்' படத்தில் அத்திப்பட்டி என்று ஒரு கடற்கரைக் கிராமம் தேசப்படத்திலிருந்தே மறைந்து போகிறது. அது அத்திப்பட்டி, கற்பனை. இது அத்திப்பட்டு, நிஜம். மின்சார ரயில் நிற்கிறது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. வெள்ளை வேட்டியை வெளியே உலர்த்தினால் சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது. இத்தனை வருஷமாக இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. சினிமா ஒரு தடவை சொன்னதை மனிதர் மனத்திலிருந்து எடுப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு எங்கள் ஊர்ப் பெயரே சாட்சி.

எங்கள் தெருவில் ஒருவர் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிறார். நல்ல மனிதர், குடி கிடையாது. அவர் மகனுக்கு 13 வயது. கோயிலில் (மாதா கோயிலை அவர்கள் வெறுமனே கோயில் என்றுதான் சொல்வார்கள்) ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறான். யாரும் சொல்லித் தரவில்லை. காதால் கேட்டதைக் கையால் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டான். அதைக் கவனித்த ஒரு புண்ணியவான், ராயபுரத்தில் முறையாகச் சொல்லித் தருகிறவர் ஒருவரிடம் அவனைச் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை தோறும் வகுப்பு. மாதம் 800 ரூபாய். நாலு மாதம் போனான். நோட்டில் ஐந்து கோடு கிழித்து அதன்மேல் புள்ளி வைத்து எழுதியிருந்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "சார், இதைப் பார்த்தா, கேட்காத பாட்டையும் வாசிக்கலாம் சார்" என்றான். கேட்காத பாட்டு! அந்த ஒரு சொல்லில் அவன் கண் எப்படி விரிந்தது என்பதை நான் பார்த்தேன். ஐந்தாம் மாதம் அவன் போகவில்லை.

தகப்பனாரைக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் கிளாசு? தெறமெ இருந்தா அதுவா மேல வந்துரும். சினிமால பாக்கலியா நீங்க? கஸ்டப்பட்டு, அடிபட்டு வந்தவன்தான் சார் நெலப்பான். காசு குட்த்து கத்துக்கினவன் எவன் சார் பெரிய ஆளா ஆயிக்கிறான்?"

பணம் நான் கொடுக்கிறேன் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "வேணாம் சார். சொகுசு காட்டி அவனெ கெட்த்துறாதீங்க" என்றார்.

கையில் பணமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தத்தோடு போயிருக்கும். பணமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வாய் விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல், இல்லாமையை ஒரு தத்துவமாக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறது சினிமா. அந்தத் தத்துவத்தின்படி, பையன் நாளைக்கு மேலே வந்தால் கஷ்டத்துக்கு நன்றி சொல்லிவிடலாம். வராவிட்டால், அவனுக்குத் திறமை போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். எப்படிப் பார்த்தாலும் நாம் யாரும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. இதைவிடச் சௌகரியமான தத்துவத்தை எந்த முதலாளி கனவு கண்டிருப்பான்?

2024 மார்ச் 20ஆம் தேதி சென்னையில் ஒரு விழா நடந்தது. இளையராஜாவின் வாழ்க்கை படமாகப் போகிறது, தனுஷ் நடிக்கிறார், அருண் மாதேஸ்வரன் டைரக்ட் செய்கிறார் என்று அறிவித்தார்கள். போஸ்டரும் வெளியிட்டார்கள். கையில் ஆர்மோனியப் பெட்டியோடு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டணத்தைப் பார்த்தபடி ஒரு வாலிபன் நிற்கிறான். நல்ல போஸ்டர். ஆனால் அதில் அவன் தனியாக நிற்கிறான்.

பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னைக்கு வந்த வாலிபர் தனியாக வரவில்லை. சகோதரர் பாஸ்கர் கூட வந்தார். பாரதிராஜா என்கிற சிநேகிதர் முன்பே இங்கே இருந்தார். அதற்கும் முந்திப் பல வருஷம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர் அவர். வரதராசன் பாடியது பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில். இதைக் கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். ஒரு கிராமத்துப் பையனுக்கு ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன் வாசிக்கிற பயிற்சி, எந்த மெட்டுக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், எதற்குக் கலைந்து போகும் என்கிற படிப்பு, எங்கே கிடைத்தது? ஒழுகும் கூரையின் கீழே அல்ல. ஒரு கட்சி போட்ட மேடையில், ஓர் அண்ணன் பிடித்துக்கொண்ட கையில் கிடைத்தது. அந்தக் கட்சியை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அது வேறு விஷயம். மேடை இருந்தது என்பது சரித்திரம்.

பட்டணம் வருவதற்குத் தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்றுப் பணம் கொடுத்தார் என்று இளையராஜாவே சொல்லியிருக்கிறார். எந்த டைரக்டர் எடுத்தாலும் இந்த ரேடியோ படத்தில் வரும். நான் பந்தயம் கட்டுகிறேன். தாயின் கண்ணீர் விலை போகும். ஆனால் பட்டணத்தில் வந்து இறங்கியபின் நடந்தது? தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் படித்தார். ஐந்து கோட்டில் எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிடி காலேஜின் கிட்டார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, படத்துக்கு இசை அமைப்பது எப்படி என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'யைக் கொடுத்தது 1976-இல். நடுவில் 8 வருஷம்! எட்டு வருஷப் படிப்பு! படத்தில் இந்த எட்டு வருஷமும் ஒரே பாட்டுக்குள் ஓடிவிடும். முதல் சரணத்தில் மீசை அரும்பும், இரண்டாம் சரணத்தில் அடர்ந்துவிடும்.

உச்சக் காட்சி என்ன என்பதும் எனக்குத் தெரியும். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. நமக்கெல்லாம் பெருமையான நாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்த வாத்தியக்காரர்கள் எதைப் பார்த்து வாசித்தார்கள்? பண்ணைப்புரத்து வறுமையைப் பார்த்தா? காகிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து வாசித்தார்கள். அந்தக் காகிதத்தில் எழுதுகிற வித்தையை அவருக்கு ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அந்த வாத்தியாருக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நம்மூர்ச் சினிமாவை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரே சார்லஸ் என்கிற பாடகரைப் பற்றி 'ரே' என்று ஒரு படம் 2004-இல் வந்தது. ஜேமி பாக்ஸ் அபாரமாக நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கினார். ஏழைக் கறுப்பர் வீட்டுப் பையன். சிறு வயதிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டன. பிறர் துணி துவைத்துப் பிழைக்கும் தாய், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறாள். கல்லும் கரையும் காட்சி. ஆனால் பஸ் எங்கே போகிறது? புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்ற ஊரில், கண் தெரியாத, காது கேளாத குழந்தைகளுக்காக அரசாங்கம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு. நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளிக்கூடம்தான். அந்தக் கொடுமையும் சரித்திரம். ஆனாலும் அங்கேதான் ரே சார்லஸ் பியானோ கற்றார். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தில் சங்கீதத்தைப் படித்தார். ஒரு கையால் தடவிப் படித்து, மறு கையால் வாசித்து, மனப்பாடம் செய்து, பிறகு இரண்டு கையையும் சேர்க்க வேண்டும். நான் கதை எழுதுகிறவன்; இதைவிட நல்ல காட்சி எனக்குத் தோன்றாது. படத்தில் பஸ் கிளம்புகிறது; போய்ச் சேர்ந்த இடத்துக்குப் படம் போகவில்லை.

எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும், இரண்டு மணி நேரத்தில் ஒரு ஆயுளைச் சொல்ல முடியுமா என்பார்கள். மெத்தச் சரி. விடுவதுதான் எங்கள் தொழிலின் பாதி. ஆனால் விட்டதை வரிசையாக எடுத்துப் பாருங்கள். வாத்தியார் விடுபடுகிறார். பள்ளிக்கூடம் விடுபடுகிறது. கட்சி, சங்கம், கூட வாசித்தவர்கள் விடுபடுகிறார்கள். தாயும் மழையும் காதலியும் மட்டும் ஒரு படத்திலும் விடுபடுவதே இல்லை. தற்செயலாக ஒரே பொருள் எல்லோர் கையிலிருந்தும் நழுவுமா?

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. எங்கள் ரயில் பாதையில் திருவொற்றியூர் இருக்கிறது. தியாகையர் அங்கே வந்து திரிபுரசுந்தரியின் மேல் கீர்த்தனங்கள் பாடியிருக்கிறார்; நாம் வடிவுடையம்மன் என்று கும்பிடுகிற அதே அம்மன். அந்த மகானின் வாழ்க்கையைச் சித்தூர் வி. நாகையா 1946-இல் தெலுங்கில் 'தியாகய்யா' என்று படமாக்கினார். தாமே டைரக்ட் செய்து, தாமே நடித்து, தாமே பாடினார். உருக்கமான படம், நாகையாவின் குரலுக்கு மயங்காத காது காதல்ல. கதை நமக்கெல்லாம் பாட்டி சொன்ன கதைதான். தமையன் விக்கிரகங்களைக் காவிரியில் எறிகிறான்; ராஜா அனுப்பிய பொன்னை மகான் தொட மறுக்கிறார்; உஞ்சவிருத்தி எடுத்து உண்கிறார். வறுமையே பக்தி, பக்தியே சங்கீதம் என்று ஆகிவிடுகிறது.

ராஜாவின் பொன்னைத் தியாகையர் மறுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வைராக்கியத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அவருக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்த சொண்டி வேங்கடரமணய்யா யார்? தஞ்சாவூர் அரண்மனை வித்துவான். ராஜா போட்ட சோற்றைச் சாப்பிட்டவர். அரண்மனை ஒரு வித்துவானைக் காப்பாற்றியது. அந்த வித்துவான் ஒரு சிஷ்யனை உண்டாக்கினார். அந்தச் சிஷ்யன் அரண்மனை வேண்டாம் என்றார். இந்த மூன்றில் கடைசியை மட்டும் காட்டினால், ஏதோ காற்றைக் குடித்துக் கீர்த்தனம் பிறந்தது போலத் தோன்றும்.

1847-இல் மகான் சித்தியடைந்தார். படம் முடிந்துவிடும். ஆனால் நமக்கு அந்தப் பாட்டுகள் எப்படிக் கிடைத்தன? வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகனும் எழுதி எழுதிக் காத்து வைத்ததால் கிடைத்தன. மதுரைச் சௌராஷ்டிர சபையில் அந்தச் சுவடிகளைப் போற்றி வைத்தார்கள். திருவையாற்றில் பாழாகிக் கிடந்த சமாதியைக் கோயிலாகக் கட்டியது யார்? பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்தவர். தாம் சம்பாதித்த சொத்தைக் கொட்டி 1920களில் கட்டினார். கட்டிய இடத்தில் பெண்கள் பாடக் கூடாது என்று வித்துவான்கள் சொன்னார்கள்! அந்த அம்மாள் சளைக்காமல் பெண்களுக்கென்று தனியாக ஆராதனை நடத்தினார். கஷ்டத்தை வென்ற கதை வேண்டுமென்றால் இதோ இருக்கிறது, எடுங்களேன். எடுக்க மாட்டார்கள். ஏனென்றால் இந்தக் கதையில் கஷ்டம் மழை மாதிரி வானத்திலிருந்து விழவில்லை. கஷ்டம் கொடுத்தவர்களுக்கு முகம் இருக்கிறது, அங்கவஸ்திரம் இருக்கிறது.

சினிமாக் கஷ்டத்துக்கு முகமே கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மிஞ்சிப் போனால் ஸ்டூடியோ வாசலில் நிற்கும் காவற்காரனின் முகம். அவனும் பாவம், மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவன். உள்ளே விடாதே என்று அவனுக்கு உத்தரவு போட்டவர் திரையில் வருவதில்லை. ஒருவேளை அவர்தான் படத்துக்குப் பணம் போட்டவரோ என்னவோ.

நாகையாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தென்னாட்டில் அன்று அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர் அவர். வாரி வாரிக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் பணமுடையில் கிடந்து, 1973 முடியும் தறுவாயில் கண்ணை மூடினார். தியாகையரின் வறுமையைத் திரையில் பார்த்து அழுத ஜனங்களில் எத்தனை பேருக்கு நாகையாவின் வறுமை தெரிந்தது? புகழுக்கு முன்னால் வரும் கஷ்டம்தான் சினிமாவுக்கு ஆகும். புகழுக்குப் பின்னால் வரும் கஷ்டத்திலிருந்து ராகம் எதுவும் பிறப்பதில்லை. ஆகையால் அதற்கு ஒரு காட்சிகூடக் கிடையாது. கஷ்டம் அவ்வளவு உசத்தியான வாத்தியார் என்றால், முதிய வயதில் மட்டும் ஏன் ஐயா அது பாடம் சொல்லித் தர மறந்துவிடுகிறது?

எம். பி. சீனிவாசன் என்று ஓர் இசையமைப்பாளர் சென்னையில் இருந்தார். 1988-இல் காலமானார். சினிமாவில் வாசிக்கும் வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் வைத்தவர் அவர். வயலின்காரரும் தபலாக்காரரும், முதலாளி என்றைக்குக் கொடுப்பாரோ என்று வாசலில் காத்து நிற்காமல், செய்த வேலைக்குக் கூலியை உரிமையோடு வாங்க வேண்டும் என்று போராடினார். அந்தக் காரணத்தாலேயே தமிழ்ப் படங்களில் அவருக்கு வாய்ப்புக் குறைந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. சென்னையில் இளைஞர்களைச் சேர்த்துச் சேர்ந்திசை சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். யோசித்துப் பாருங்கள்: நாம் கேட்டு உருகிய ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பின்னால் வாசித்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால், அதில் இந்த மனிதருக்கு எவ்வளவு பங்கு! கஷ்டத்தை ஒருவர் தாண்டுவது ஒரு சங்கதி. நூற்றுக்கணக்கான பேரின் கஷ்டத்தை ஒரு முழமாவது குறைப்பது வேறு சங்கதி. இரண்டாவதற்கு யார் படம் எடுக்கப் போகிறார்கள்? போஸ்டரில் யாரை நிறுத்துவார்கள்? அத்தனை பேரையும் நிறுத்தினால் கதாநாயகனின் முகம் சிறுத்துப் போகுமே!

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024-இல் இம்தியாஸ் அலி எடுத்த 'அமர் சிங் சம்கிலா' என்ற இந்திப் படத்தைப் பார்த்தேன். ஏ. ஆர். ரஹ்மான் இசை. பஞ்சாபில் லூதியானாவுக்குப் பக்கத்தில் 1960-இல் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, மில்லில் வேலை செய்து, பாடகனாகி, கேஸட் விற்பனையில் எல்லோரையும் முந்தியவர் சம்கிலா. பச்சையாகப் பாடுகிறான் என்று திட்டினார்கள், திட்டினவர்களே கேட்டார்கள், மிரட்டினார்கள். 1988 மார்ச் 8ஆம் தேதி மெஹ்சாம்பூரில், கச்சேரிக்கு வந்து காரிலிருந்து இறங்கியபோது அவரையும் கூடப் பாடும் மனைவி அமர்ஜோத்தையும் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 27. இன்று வரை அந்தக் கொலைக்கு ஒருவரும் தண்டனை அடையவில்லை. திறமை இருந்தது, கஷ்டமும் வேண்டிய மட்டும் இருந்தது, ஜனங்களின் ஆதரவும் இருந்தது. மூன்றும் இருந்தும் பிழைக்கவில்லை. அந்தப் படம் இந்தக் கசப்பை மறைக்காமல் காட்டுகிறது என்பதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் அங்கேயும், பிறப்பைப் பற்றி ஓரிரு வசனம் வந்து போகிறதே தவிர, துப்பாக்கி நீண்ட திசையைப் பார்க்கப் படத்துக்குத் துணிவு போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

"நம்பிக்கை தருகிறதே, ஐயா! வாழ்க்கையில் அடிபட்ட ஜனங்கள் இரண்டு மணி நேரம் நம்பிக்கையோடு உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே" என்று ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். நல்ல மனசோடு எழுதிய கடிதம். அவருக்கு நான் கேட்கும் கேள்வி இதுதான். எந்த நம்பிக்கை, அம்மா? நீயும் இப்படி ஆகலாம் என்கிற நம்பிக்கையா? ஐந்து கோடு போட்டு எழுதக் கற்றால் கேட்காத பாட்டையும் வாசிக்கலாம் என்று எங்கள் தெருப் பையன் கண்டுகொண்டானே, அது நம்பிக்கை. அதற்கு விலை மாதம் 800 ரூபாயும் ரயில் சத்தமும். அந்த விலையைச் சொல்லுகிற படம்தான் நம்பிக்கை தருகிற படம். விலையே இல்லை, கஷ்டப்பட்டால் போதும் என்று சொல்லுகிற படம் லாட்டரிச் சீட்டு விற்கிறது. லாட்டரியில் ஜெயித்தவன் படம் கடையில் தொங்கும். சீட்டு வாங்கித் தோற்றவர்களின் படத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

மேதையை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர்கள் பலர், இளையராஜா ஒருவர்தான். அதை மறுக்க நான் செவிடன் அல்ல. ஆனால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்த கைகளையெல்லாம் வெட்டிவிட்டு, நடுவில் நின்றவரை மட்டும் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினால், அது அவருக்கும் கௌரவம் அல்ல. அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். குருவையும் அண்ணனையும் சொல்லாமல் அவரே தம் கதையைச் சொல்வதில்லை. அவர் மறக்காததை அவருக்காக நாம் ஏன் மறக்க வேண்டும்?

படம் எடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைகூட, வேண்டுமானால், பெய்யட்டும். பத்து நிமிஷம் மட்டும் எனக்காக ஒதுக்குங்கள். தன்ராஜ் மாஸ்டரின் அறை, ஒரு பியானோ, இரண்டு நாற்காலி. பின்னணி இசை வேண்டாம். வாலிபன் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை மாஸ்டர் வாங்கிப் பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை. பென்சிலை எடுத்து ஒரு புள்ளியை அழித்து, ஒரு கோடு கீழே தள்ளி வைக்கிறார். வாசிக்கச் சொல்கிறார். வாலிபன் வாசிக்கிறான். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ரப்பரை எடுக்கிறார்.